தண்டையார்பேட்டை தரைத்தள வீட்டில் கிளிக் பலகை போடலாமா, போட்ட பலகை ஏன் பிரிகிறது?

நீங்கள் கேட்டது இரண்டு. உங்கள் வீடு தண்டையார்பேட்டையில் தரைத்தளம், உள்ளே பழைய மொசைக் தரை. அதைப் பெயர்க்காமல் மேலேயே மரம்போலத் தெரியும், பசையில்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கிளிக் பலகை போடலாமா என்பது முதல் கேள்வி. உங்கள் மாமா வீட்டில் அதே மாதிரி போட்டு, ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் பலகைக்குப் பலகை வாய் பிளந்துவிட்டது. போட்டவரே வந்து பார்த்துவிட்டு, இணைப்பு முழுக்கப் பசை ஊற்றி அடைத்துவிடலாம் என்கிறாராம், அது சரியா என்பது இரண்டாவது.

போடலாம். பசை ஊற்றக் கூடாது. இரண்டு பதிலுக்கும் காரணம் ஒரே இடத்தில், பலகையின் விளிம்பில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். இருபது வருடமாக எனக்கு இதுதான் வேலை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சின்ன வீடு, பெரிய வீடு என்று நிறைய இடங்களில் முட்டி போட்டு வேலை செய்திருக்கிறேன். பிரிந்துபோன தரையைப் பார்க்கக் கூப்பிட்டால், மேலே தெரியும் டிசைனைப் பார்ப்பதே இல்லை. ஒரு பலகையைக் கழற்றி விளிம்பைத்தான் பார்ப்பேன். என்ன நடந்தது என்பது அங்கே எழுதியிருக்கும்.

இரண்டு பலகை பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறது என்றால் அவை இரண்டு விதமாகக் கெடலாம். ஒன்று மேலே எழும்பி இன்னொன்று கீழே தாழலாம். அப்போது கால் விரல் தட்டும். அல்லது இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகலாம். அப்போது இடையில் அழுக்குக் கோடு விழும். இந்த இரண்டையும் தடுக்க இரண்டு தனித்தனிப் பிடி வேண்டும்.

நம் தச்சர்கள் காலகாலமாகச் செய்வது நாக்கும் காடியும். ஒரு பலகையின் ஓரத்தில் நாக்கு நீட்டியிருக்கும், அடுத்ததில் அதற்குக் காடி வெட்டியிருக்கும். பழைய வீட்டுக் கதவுகளிலும் மர மச்சுகளிலும் பார்த்திருப்பீர்கள். நாக்கு காடிக்குள் போய்விட்டால் ஏற்ற இறக்கம் வராது. ஆனால் பக்கவாட்டில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதைத் தடுக்க ஆணி அடிப்பார்கள், அல்லது பசை வைப்பார்கள். மர நார்ப் பலகை மேல் மரம்போன்ற தோல் ஒட்டிய லேமினேட் தரை ஸ்வீடனில் பெர்ஸ்டார்ப் கம்பெனியில் 1977இல் பிறந்தது. பிறகு பெர்கோ என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. ஆரம்பத்தில் அதற்கும் வெறும் நாக்கு-காடிதான். ஒவ்வொரு காடியிலும் பசை விட்டு, பட்டை போட்டு இறுக்கி, மறுநாள் வரை யாரும் மிதிக்காமல் காத்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் விளையாடப் போடும் ரப்பர் பாய் இதற்கு நேர் எதிர். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் பாக்ஸிங் கற்றுத்தரும் கூடங்களிலும் அது கிடக்கும். ஓரம் பல் பல்லாக, ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் வராது. ஆனால் ஒரு மூலையை விரலால் தூக்கினால் போதும், உரிந்துகொண்டு வந்துவிடும். விலகலைப் பிடிக்கிறது, எழும்பலைப் பிடிக்கவில்லை.

கிளிக் பலகையின் சாமர்த்தியம் இந்த இரண்டு பிடியையும் ஒரே விளிம்பில் வெட்டியதுதான். 1990களின் நடுவில் இது வந்தது. ஸ்வீடனில் வாலிங்கே கம்பெனி ஒரு பக்கம், பெல்ஜியத்தில் யூனிலின் கம்பெனி ஒரு பக்கம். யூனிலினின் யூனிக்ளிக் பூட்டு 1997இல் சந்தைக்கு வந்தது. இன்று கடைகளில் இருக்கும் பெரும்பாலான பலகைகளின் விளிம்பு இவற்றில் ஒன்று, இல்லையென்றால் இவற்றின் சாயல்.

அந்த விளிம்பைக் கையாலேயே புரிந்துகொள்ளலாம். இடது உள்ளங்கை மேலே பார்க்கட்டும், வலது உள்ளங்கை கீழே பார்க்கட்டும். இரண்டு கை விரல்களையும் கொக்கிபோல மடக்கி ஒன்றில் ஒன்றைக் கோத்து இழுங்கள். வராது. இப்போது வலது மணிக்கட்டை மெல்ல மேல்நோக்கித் திருப்புங்கள். தானாகக் கழன்றுவிடும். பலகையிலும் இதே கதைதான். காடி உள்ள பக்கத்தில் மேல் உதடு குட்டை, கீழ் உதடு நீளம். கீழ் உதட்டின் நுனியில் சின்னதாக ஒரு மேடு. நாக்கு உள்ள பக்கத்தில், நாக்குக்கு அடியில் அந்த மேடு உட்கார ஒரு பள்ளம். அடுத்த பலகையை 20, 30 டிகிரி சாய்த்து நாக்கைக் காடிக்குள் செருகிக் கீழே இறக்கினால், நாக்கு ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கும், மேடு பள்ளத்தில் விழுந்து விலகலைப் பிடிக்கும். நல்ல வெட்டு என்றால் இறங்கும்போது கீழ் உதடு ஒரு மயிரிழை வளைந்து, பழைய இடத்துக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த வளைவுதான் இரண்டு பலகையையும் எப்போதும் நெருக்கி வைத்திருக்கிறது. பசை இல்லாமல் இறுக்கம் வருவது இப்படித்தான்.

இது நீளப் பக்கத்துக்கு. அகலப் பக்கத்தில், அதாவது பலகையின் இரண்டு நுனிகளிலும், இப்போது நிறைய வருவது 'மேலிருந்து அமுக்கும்' வகை. வாலிங்கேயின் 5ஜி என்ற பூட்டில் நுனிக்குள் ஒரு பிளாஸ்டிக் நாக்கு செருகியிருக்கும். மேலிருந்து அமுக்கினால் அது உள்ளே போய், பிறகு வெளியே துள்ளி 'டக்' என்று பூட்டும். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் பூட்டவில்லை என்று அர்த்தம். அடுத்த பலகைக்குப் போகக் கூடாது.

இன்னொரு வகை, சுத்தியலால் பக்கவாட்டில் தட்டிச் செருகுவது. எனக்கு அது பிடிக்காது. காரணம் உதட்டின் கனம். நீங்கள் வாங்கப்போகும் பலகை 4 அல்லது 5 மில்லிமீட்டர். அதில் காடி வெட்டியது போக மேலே ஒரு உதடு, கீழே ஒரு உதடு. ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அதன் மேல் கை அசந்து ஒரு அடி விழுந்தால் உள்ளே விரிசல் விழும். வெளியே தெரியாது. வேலை முடிந்து பணம் வாங்கிப் போன பிறகு, தினமும் மிதிபட்டு, மூன்றாம் மாதம் உதடு உடையும். தொழிலுக்கு வந்த புதிதில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டில் நான் இதைச் செய்திருக்கிறேன். தட்டுக்கட்டை வைக்காமல் நேராகப் பலகை ஓரத்திலேயே தட்டினேன். அந்த வீட்டு அம்மா நாலு மாதம் கழித்துக் கூப்பிட்டு, ஒரு வார்த்தை திட்டாமல், தரையை மட்டும் கையால் காட்டினார். கூடத்தில் பதினோரு பலகை மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து சுத்தியல் கடைசி வழி, அதுவும் கட்டை வைத்துத்தான்.

எந்தப் பொருள் என்பதற்கு வருகிறேன். எங்கள் பெரியப்பா காசிமேட்டில் மரப் படகு செய்தவர். படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பருத்தித் திரியை உளி வைத்து அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவார்கள்; கலப்பத்து அடிப்பது என்று பெயர். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். புதுப் படகைத் தண்ணீரில் இறக்கினால் முதலில் கொஞ்சம் கசியும். பெரியப்பா பதற மாட்டார். "மரம் தண்ணி குடிக்கட்டும், தானா வாயை மூடிக்கும்" என்பார். மரம் ஊறி உப்பி, பலகை பலகையை நெருக்கி, திரியைக் கவ்விக்கொள்ளும். படகுக்கு உப்பல்தான் காப்பு.

அதே உப்பல் நம் தரைக்கு எமன். லேமினேட் பலகையின் உள்ளே இருப்பது மர நாரை அழுத்திச் செய்த அடர்ந்த பலகை, எச்.டி.எஃப். மேலே இருக்கும் பளபளப்பான தோல் தண்ணீரை விடாது. மேலே சிந்தும் தண்ணீர் உள்ளே போகும் வழி இணைப்புதான். உள்ளே போனால் ஓரம் முதலில் உப்பும், பலகைக்கு நடுவில் வரப்புபோல எழும்பும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. உப்பிய நாக்கு, காடியின் உதட்டை உள்ளிருந்தே நெம்பி உடைத்துவிடும்.

அதனால் உங்களுக்கு லேமினேட் வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து. மூன்றாம் மாடி, நான்காம் மாடி என்றால் யோசிக்கலாம். கடலோரத் தரைத்தளத்தில், மழைக்காலத்தில் சுவர் ஓதம் அடித்து உப்புப் பூக்கும் வீட்டில், மர நார்ப் பலகையைப் போட நான் வர மாட்டேன். ஏசி 4 தரம், நீர் தாங்கும் வகை என்று கடைக்காரர் சொல்லலாம். ஏசி 3, ஏசி 4 என்பதெல்லாம் மேல்தோல் எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதற்கான அளவு. விளிம்பு ஈரத்தைத் தாங்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நீங்கள் எஸ்.பி.சி. வாங்குங்கள். சுண்ணாம்புக்கல் மாவும் பி.வி.சி.யும் கலந்து அழுத்திய பலகை. எடையில் பெரும்பங்கு கல் மாவுதான், அதனால்தான் ஒரு பெட்டியைத் தூக்கினாலே கை இழுக்கும். தண்ணீரில் ஊறாது, உப்பாது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: கல் மாவு அதிகம் என்பதால் உதடு மொறமொறப்பாக இருக்கும், வளைவதைவிட உடைவதற்குத்தான் பார்க்கும். அதனால் 4 மில்லிமீட்டரைவிட 5, 5.5 மில்லிமீட்டர் வாங்குவது நல்லது. மேல்தோல் 0.3 மில்லிமீட்டர் படுக்கையறைக்குப் போதும். கூடத்துக்கும் வாசலுக்கும் 0.5 கேளுங்கள், கடற்கரை மணல் செருப்போடு உள்ளே வரும் பகுதி நம்முடையது.

கடையில் நிற்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். டிசைன் தேர்ந்தெடுத்த பிறகு, மாதிரித் துண்டை ஏற்காதீர்கள். பெட்டியைத் திறந்து இரண்டு முழுப் பலகை கேளுங்கள். நீங்களே சாய்த்துப் பூட்டுங்கள். இணைப்பின் மேல் நகத்தை ஓட்டுங்கள், தட்டக் கூடாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள், கோடாக ஒளி வரக் கூடாது. ஒன்றைப் படுக்கை வசமாகப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை நேராக இழுங்கள், அசையக் கூடாது. பிறகு சாய்த்துக் கழற்றி, மறுபடி பூட்டுங்கள், மூன்று தடவை. மூன்றாம் தடவையும் முதல் தடவை மாதிரியே இறுக்கம் இருந்தால் விளிம்பை ஒழுங்காக வெட்டியிருக்கிறார்கள். பெட்டி மேல் எந்தப் பூட்டு முறை என்று சின்ன முத்திரை இருக்கும், உரிமம் வாங்கிச் செய்யும் கம்பெனிகள் அதை ஒட்டுவார்கள். இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இந்தக் கைச் சோதனையைத்தான் நான் முதலில் நம்புவேன்.

அடுத்து உங்கள் மொசைக். பெயர்க்கவே வேண்டாம். கல்போல உட்கார்ந்திருக்கும் மொசைக்கைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. ஆனால் சமமாக இருக்க வேண்டும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பழைய வீடுகளில் தண்ணீர் வடிய முற்றத்துப் பக்கம் வாட்டம் விட்டிருப்பார்கள். வாட்டம் இருந்தால் பரவாயில்லை. ஒரே சீராகச் சரிந்தால் பலகைக்கு வலிக்காது. மேடும் பள்ளமும்தான் எதிரி. ரசமட்டம் இதற்கு உதவாது, நேரான மட்டப்பலகைதான் வேண்டும். 2 மீட்டர் மட்டப்பலகையைத் தரையில் எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். அடியில் எங்கேயும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் கிட்டத்தட்ட அந்த அளவு; நாணய அடுக்கு தாராளமாக உள்ளே போனால் பள்ளம் இருக்கிறது. மேட்டை கிரைண்டரால் தேய்க்கலாம். பள்ளத்தைச் சிமெண்ட் கலவையால் நிரப்பலாம். அட்டைத் துண்டு, மடித்த செய்தித்தாள் வைத்து ஈடுகட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். பள்ளத்துக்கு மேல் நிற்கும் இணைப்பு ஒவ்வொரு மிதிக்கும் வளைந்து வளைந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் என்ன ஆகுமோ அதுதான் உதட்டுக்கும் ஆகும்.

பலர் இதை மெத்தென்ற ஃபோமால் சரிசெய்யலாம் என்று நினைத்துக் கனமான ஃபோமாகப் போடுகிறார்கள். அது இன்னும் மோசம். அடியில் மெத்தை எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவுக்கு விளிம்பு வளையும். எஸ்.பி.சி.க்கு அடியில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அடர்ந்த ஃபோம் போதும். பல பலகைகளில் அடியிலேயே ஒட்டி வரும். அப்படி வந்தால் இன்னொன்று போடவே கூடாது.

ஈரத்தைப் பார்க்க ஒரு எளிய வழி. பழைய மொசைக்குக்கு அடியில் பிளாஸ்டிக் தடுப்பு எதுவும் இருக்காது. நம் பக்கம் நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை. தரையில் மூன்று நான்கு இடத்தில், முக்கியமாகச் சுவரோரத்தில், இரண்டடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. பலகை ஊறாதுதான், ஆனால் அடியில் அடைபட்ட ஈரம் பூஞ்சை நாற்றமாகச் சுவரோரம் வழியே வெளியே வரும். அதனால் 200 மைக்ரான் பிளாஸ்டிக் தாள் விரித்து, தாளுக்குத் தாள் 20 சென்டிமீட்டர் ஏற்றி ஒட்டி, அதன் மேல்தான் பலகை. சுவரில் ஓதம் ஏறுகிறது என்றால் முதலில் சுவரைப் பாருங்கள், தரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சோதனையை ஐப்பசி, கார்த்திகையில் செய்யுங்கள், வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மாமா வீடு. நேரில் பார்க்காமல் சொல்வதால் இரண்டு அடையாளம் தருகிறேன், அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

இணைப்பு வரப்புபோல எழும்பியிருக்கிறதா, பிளந்து கோடாகத் தெரிகிறதா? எழும்பியிருந்தால் ஒன்று ஈரம், இல்லையென்றால் சுவரோரத்தில் இடைவெளி விடவில்லை. பிளந்திருந்தால் தரை எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது உதடு உடைந்திருக்கிறது. பிளந்த இடத்தைக் காலால் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தென்று அமுங்கினால் அடியில் பள்ளம், உதடு உடைந்திருக்கும். அமுங்காமல் கெட்டியாக இருந்து பிளவு மட்டும் தெரிந்தால், பீரோவைப் பாருங்கள்.

ஆமாம், பீரோதான். இந்தத் தரை அடியில் எதிலும் ஒட்டவில்லை. ஒரே பெரிய பாய்போல மிதந்துகொண்டிருக்கிறது. லேமினேட் என்றால் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். ஒரு மீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். எஸ்.பி.சி. ஈரத்துக்கு அசையாது, சூட்டுக்கு அசையும். சித்திரை வெயில் நேராக விழும் ஜன்னலோரத்தில் நன்றாகவே விரியும். எதுவானாலும் மொத்தத் தரையும் சேர்ந்து நகர வேண்டும். அதற்குத்தான் நாலு சுவரோரத்திலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சுவரடியில் ஓடும் பட்டையான ஸ்கர்ட்டிங்கால் மறைக்கிறோம். நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ஒரு சுவரில் இரும்பு பீரோ, உள்ளே பாத்திரம், பட்டுப்புடவை, பத்திரம் எல்லாம். எதிர்ச் சுவரில் இன்னொரு பீரோ, அல்லது அரிசி மூட்டையோடு ஒரு அலமாரி. இரண்டு பக்கமும் தரையை ஆணி அடித்த மாதிரி பிடித்துக்கொள்கிறது. நடுவில் தரை சுருங்கும்போது எங்கே இடம் கிடைக்கும்? மிகப் பலவீனமான இணைப்பு பிளந்துகொடுக்கும். கனமான சாமான்களை ஒரே பக்கத்தில் வைத்தால் பாதித் தொல்லை தீரும். சுவரில் பதித்துச் செய்யும் அலமாரி என்றால் பலகையை அதற்கு அடியில் கொண்டுபோகாமல் முன்னாலேயே முடித்து, பீடிங் போட்டு மறைக்கலாம்.

இடைவெளி விட்டார்களா என்று பார்க்க ஸ்கர்ட்டிங்கை ஒரு இடத்தில் கழற்றினால் போதும். சுவரை ஒட்டிப் பலகை முட்டிக்கொண்டு நின்றால், அந்த ஓரத்தை வெட்டி இடம் விட்டாலே எழும்பிய தரை சில நாளில் படிந்துவிடும். பார்த்திருக்கிறேன். வாசற்படிக்கட்டையைச் சுற்றி இடைவெளியில் சிமெண்டைப் பூசியிருந்தாலும் இதே கதைதான். இரண்டு அறைக்கு நடுவில் பலகையை வெட்டாமல் ஒரே ஓட்டமாக ஓட்டியிருந்தாலும் பாருங்கள். வாசலில் பிரித்து நடுவில் பட்டை போட்டிருக்க வேண்டும்.

பசை ஏன் கூடாது என்பது இப்போது புரிந்திருக்கும். பிளந்த இணைப்பில் பசை ஊற்றினால், இழுப்பு அங்கிருந்து அடுத்த இணைப்புக்குப் போகும், அது பிளக்கும். காரணத்தைத் தீர்க்காமல் அடையாளத்தை அழிப்பதுதான் அது. அதைவிடப் பெரிய நஷ்டம், பிறகு அந்தத் தரையைக் கழற்றவே முடியாது. பசை சேரும் ஒரே இடம் உண்டு. கதவு நிலைக்கு அடியில் பலகையைச் சாய்க்க இடம் இருக்காது. அங்கே கீழ் உதட்டின் மேட்டை உளியால் செதுக்கிவிட்டு, பசை தடவி, தட்டையாகத் தள்ளிச் செருகுவோம். ஒன்றிரண்டு பலகை, அவ்வளவுதான்.

கழற்ற முடிவது நமக்கு ஆடம்பரம் இல்லை. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. மிக்ஜாமின்போது கொடுங்கையூரில் நான் போட்டுக்கொடுத்த ஒரு வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் மூன்று நாள் நின்றது. எஸ்.பி.சி. பலகை, பசை ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. தண்ணீர் வடிந்ததும் நானும் என்னிடம் வேலை பார்க்கும் பையன்கள் இரண்டு பேரும் போய், கடைசி வரிசையிலிருந்து கழற்றினோம். வரிசையை மொத்தமாகச் சாய்த்துத் தூக்க வேண்டும். நுனிப் பூட்டை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் வழுக்கிப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் எண் எழுதினோம். மாடியில் நிழலில் அடுக்கி, காடிகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சேறு எடுத்தோம். தரை காய ஐந்து வாரம் ஆனது. திரும்பப் போட்டபோது ஒன்பது பலகைதான் வீணாகியிருந்தது. அந்தத் தெருவிலேயே லேமினேட் போட்டிருந்த இன்னொரு வீட்டில் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள்.

அந்த பிரஷ் வேலை புதுத் தரைக்கும் உண்டு. காடிக்குள் ஒரு மணல் துகள் கிடந்தால் பூட்டு முழுதாக உட்காராது. அந்த விளிம்பின் கணக்கெல்லாம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கடலோரக் காற்றில் மணல் எங்கிருந்தாவது வந்துகொண்டே இருக்கும். என் பையன்களில் சின்னவன் இதில் கெட்டிக்காரன். "அண்ணா, இது உக்கார்ல, உள்ள மண்ணு கீது" என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். கழற்றிப் பார்த்தால் நிச்சயம் இருக்கும்.

போடுபவரிடம் நீங்கள் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். பெட்டிகளை வேலைக்கு இரண்டு நாள் முன்பே அறைக்குள் படுக்கவைக்க வேண்டும், சுவரில் சாய்த்து நிறுத்தக் கூடாது. முதல் வரிசையில் சுவர்ப் பக்கம் வரும் நாக்கை வெட்டி, ஆப்பு வைத்து இடைவெளி விட வேண்டும். முதல் வரிசைக்கு நூல் பிடிக்க வேண்டும், ஏனென்றால் நம் பழைய வீட்டுச் சுவர் எதுவும் நேராக இல்லை. முதல் வரிசை ஒரு நூலளவு விலகினால் பத்தாவது வரிசையில் பூட்டு பூட்டவே மறுக்கும். நுனி இணைப்புகள் பக்கத்து வரிசையில் நேருக்கு நேர் வரக் கூடாது, குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி வர வேண்டும். அறை அகலத்தை முதலிலேயே கணக்குப் போட்டு, கடைசி வரிசை இரண்டு விரல் அகலத்துக்கு மெலிந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போட்ட பிறகு ஒரு பழக்கம் மாற வேண்டியிருக்கும், வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிவிட முடியாது. பலகை தாங்கும், ஆனால் இணைப்பு வழியாகவும் சுவரோரம் வழியாகவும் தண்ணீர் அடியில் போய்த் தங்கும். நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். சமையலறையிலும் குளியலறை வாசலிலும் மொசைக்கை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே கழுவிக்கொள்ளலாம்.

அளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். வெட்டுச் சேதாரம் போக மிச்சமாகும் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்காமல் பரணில் படுக்கவையுங்கள். பெட்டியின் மேல் முத்திரையையும் எண்ணையும் போன் கேமராவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே நிறத்தில், அதே பெயரில் பலகை கிடைத்தாலும் விளிம்பு வெட்டு மாறியிருந்தால் உங்கள் தரையில் பூட்டாது.